கலையில் இல்லறம்

அந்த அழைப்பிதழைத் தமிழாக்கியது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால், பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் அருங்காட்சியகத்தையும் எங்கள் தமிழ் மன்றத் தலைவரையும் நான் வாய்க்கு வந்தபடி திட்டப்போகிறேன். அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள்தான். ஆனாலும் முதல் பிழை என்னுடையது.

கொலோனில் நான் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். மருத்துவமனை, வெளிநாட்டவர் அலுவலகம், நீதிமன்றம் என்று ஜெர்மன்காரரும் தமிழரும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்க்கும் இடங்களிலெல்லாம் நடுவில் ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். அது என் நாற்காலி. எங்கள் தொழிலுக்கு ஒரே விதிதான்: சொன்னதில் எதையும் கூட்டக்கூடாது, குறைக்கவும் கூடாது. இதை நான் புதிதாக வருபவர்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்வேன். கண்டிப்பான முகத்தோடு சொல்வேன்.

சென்ற வசந்தத்தில் ஒரு நாள் அருங்காட்சியகத்திலிருந்து தொலைபேசி வந்தது. கலையில் பாலுறவின் வரலாறு பற்றி ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம். நகரத்தில் பேசப்படும் மொழிகளிலெல்லாம் மக்களை அழைத்துச் சுற்றிக் காட்ட ஒரு திட்டம் இருக்கிறதாம், தமிழும் அதில் இருக்கிறதாம். அழைப்பிதழைத் தமிழாக்கி, சுற்றிக் காட்டும் அன்று கூடவே நின்று மொழிபெயர்க்க நான் வேண்டுமாம். பேசிய பெண்தான் வழிகாட்டி. குரலிலேயே பூரிப்புத் தெரிந்தது. "உங்கள் பண்பாட்டில் இதெல்லாம் கோயில் சுவரிலேயே இருக்கிறதல்லவா? நீங்கள் எங்களைவிட எவ்வளவு சுதந்திரமானவர்கள்!" என்றாள். எங்கள் மன்றத்தின் ஆண்டு விழாவில் நடனமாடும் பிள்ளையின் சட்டைக் கழுத்து இரண்டு விரல் இறங்கிவிட்டதற்கு ஒன்றரை மணி நேரம் கூட்டம் கூட்டிய சுதந்திரமான மக்கள் நாங்கள். அதை அவளிடம் சொல்லவில்லை. சம்பளம் நல்ல சம்பளம்.

ஜெர்மனில் கண்காட்சிக்கு வைத்திருந்த தலைப்பு ஒரே சொல்: லுஸ்ட். அது வசதியான சொல். ஐஸ்கிரீம் சாப்பிட ஆசையென்றாலும் அதைத்தான் சொல்வார்கள், மற்றதற்கும் அதைத்தான் சொல்வார்கள். நான் தமிழில் தேடினேன். 'காமம்' என்று எழுதி, மன்றத்து அக்காமாரின் கைத்தொலைபேசியில் அந்தச் சொல் மினுங்குவதைக் கற்பனை செய்து பார்த்து, அழித்தேன். 'பாலியல்' என்று எழுதினேன். அந்தச் சொல்லை நாங்கள் செய்தியில் மட்டுமே கேட்கிறோம், அதன் பின்னால் எப்போதும் 'குற்றச்சாட்டு' வரும், அதன் பின்னால் ஒருவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும். 'சிற்றின்பம்' என்றொரு சொல்லும் உண்டு. முன்னால் 'சிறிய' என்று போட்டுவிட்டால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று எங்கள் முன்னோர் நினைத்தார்கள் போல. இரண்டு நாள் யோசித்து மூன்றாம் நாள் நான் எழுதி அனுப்பியது இது: 'கலையில் இல்லறம். ஐயாயிரம் ஆண்டுக் கால வரலாறு.'

தலைவரிடமிருந்து உடனே குரல் செய்தி வந்தது. "அருமையான தலைப்பு, தங்கச்சி. இஞ்சை வளர்ற பிள்ளையளுக்கு இதுதான் தெரியாமல் இருக்கு. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"இல்லை அண்ணை, இடம் காணாது. பன்னிரண்டு பேர்தான் ஏலும்" என்று அவசரமாகப் பதில் அனுப்பினேன். அது மட்டும் உண்மை.

மாதர் பிரிவிலிருந்து ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் என் அம்மா. எனக்கு இது எதிர்பாராத அடி. அம்மா எழுபத்தொரு வயதுக்காரி. நாலைந்து வருடங்களாக எங்கேயும் வருவதில்லை. கோயில் தேருக்கு வரச் சொன்னால் வெயில் என்பார். கலியாண வீட்டுக்குக் கூப்பிட்டால் சத்தம் என்பார். கடைக்குக்கூட நான்தான் போகிறேன். இதற்கு வருவதாகச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அங்கை இருக்கிறதுக்குக் கதிரை இருக்குமோ?"

மடக்கு நாற்காலி கொடுப்பார்கள் என்று விசாரித்துச் சொன்னேன். அப்படியானால் வாறன் என்றார்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அருங்காட்சியகத்துக்குப் போவது சனிக்கிழமை. அதற்கடுத்த வியாழக்கிழமை அம்மாவுக்கு ஒரு டெர்மின் இருந்தது, மருத்துவரைப் பார்க்க. குடும்ப வைத்தியர் எழுதிக் கொடுத்த தாளில் பெண் நோய் மருத்துவர் என்று இருந்தது. "என்னம்மா செய்யுது?" என்று கேட்டேன். "வயித்துக்கைதான்" என்றார். தாளை நான் மடித்துக் கைப்பையில் வைத்தேன். நாளுக்கு நாலு பேரிடம் எங்கே நோகிறது, எப்போதிருந்து, எப்படிப்பட்ட நோவு என்று துருவித் துருவிக் கேட்டுச் சொல்கிறவள், சொந்தத் தாயிடம் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் 'வயிறு' என்பது நெஞ்சுக்குக் கீழே தொடங்கி முழங்காலுக்கு மேலே முடியும் பெரிய பிரதேசம். அதற்குள் ஊர்களுக்குத் தனித்தனிப் பெயர் கிடையாது. எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். அப்பாவுக்கு வேலை, அம்மாவுக்கு ஜெர்மன் வராது, எனக்கு வரும். "வயித்துக்கை குத்துது எண்டு சொல்லு" என்றார். பௌஹ் என்றேன். ஜெர்மனில் வயிற்றுக்கு அதுதான் சொல். மருத்துவர் பெருஞ்சீரகத் தேநீர் குடிக்கச் சொன்னார். ஒரு வருடம் அம்மா அதைக் குடித்தார். பிறகு, வேலை செய்த சலவை ஆலையில் ஈரத் துணிக் கட்டோடு மயங்கி விழுந்தார். கர்ப்பப்பையில் கட்டி இருந்தது, மாதக்கணக்கில் இரத்தம் போயிருக்கிறது. கட்டியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். மருத்துவமனையில் ஒரு வெள்ளைச் சட்டை என்னைப் பார்த்து, "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று அதட்டினார். அம்மாவைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து. அந்த அதட்டலை நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது என்று நான் இன்று வகுப்பெடுப்பதற்கு அந்த வெள்ளைச் சட்டைதான் காரணம்.

சனிக்கிழமை அருங்காட்சியக வாசலில் மன்றம் இறங்கிய காட்சியை மறக்க முடியாது. ஒன்பது பேரும் பட்டுச் சேலை. இல்லறமல்லவா? தலைவர் கழுத்துப் பட்டியும் கமெராவும். பலகாரப் பெட்டி ஒன்றில் பயற்றம் பணியாரம், இன்னொன்றில் றோல்ஸ். ஒரு அக்கா கைப்பையிலிருந்து பித்தளை இடியப்ப உரலைத் தூக்கி எடுத்தார். அவருடைய தாய் சீதனமாகக் கொண்டு வந்தது. "வீட்டுச் சாமான் எல்லாம் வைச்சிருக்கிறவை எண்டால், எங்கடையும் ஒண்டு இருக்கட்டும் எண்டு கொண்டு வந்தனான்" என்றார்.

காவலர் அந்த உரலைக் கையில் எடுத்துப் புரட்டினார். உருளை, அதற்குள் பிடியோடு ஏறி இறங்கும் இன்னொரு உருளை. வழிகாட்டிப் பெண் ஓடி வந்தாள். அவள் காதில் பெரிய மரத் தோடு, கண்ணில் பெரிய வெளிச்சம். "ஓ, இது என்ன? இதை எப்படிப் பயன்படுத்துவீர்கள்?"

"உள்ளே மாவை வைத்து அமுக்கினால் கீழே வரும்" என்றேன்.

"சடங்குகளிலா?"

"இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு."

அவள் குறிப்பேட்டில் நீளமாக எதையோ எழுதிக்கொண்டாள். அது என்னவென்று நான் கேட்கவில்லை.

முதல் அறையில் கிரேக்கப் பானைகள். "பாத்தியளே, பானை!" என்று உரல் அக்கா மகிழ்ந்தார். வழிகாட்டி ஒரு பானையைக் காட்டி மூன்று நிமிடம் பேசினாள். யார் யாரோடு, எந்தப் பக்கமிருந்து, அந்தச் சமூகத்தில் அதற்கு என்ன பொருள் என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். பத்து முகங்கள் என் பக்கம் திரும்பின.

"இது பழைய கிரேக்கப் பானை. விருந்துக்கு வைன் ஊத்துறது" என்றேன்.

வழிகாட்டி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். தமிழ் இவ்வளவு சிக்கனமான மொழியா என்று நினைத்திருப்பாள்.

தலைவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்தார். "பானைக்கு மேலை என்ன கீறியிருக்கு, தங்கச்சி?"

"விளையாட்டு, அண்ணை."

"என்ன விளையாட்டு?"

"மல்யுத்தம்."

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். பிறகு மிக மெதுவாக நிமிர்ந்தார். கமெராவை மூடியால் மூடினார். அதற்குப் பிறகு அவரை நான் ஒவ்வொரு அறையிலும் ஒரே மாதிரியான இடத்தில்தான் கண்டேன்: தீயணைப்புக் கருவிக்கு முன்னால். அதில் எழுதியிருந்ததையெல்லாம் ஊன்றி வாசித்துக்கொண்டிருந்தார். இன்று கொலோன் தமிழரில் தீயணைப்பைப் பற்றி அவருக்குத்தான் அதிகம் தெரியும்.

அடுத்த அறையில் நான் 'அன்பு' என்றேன். அதற்கடுத்த அறையில் 'குடும்பப் பாசம்' என்றேன். ஒரு ரோமானியச் சாமிக்கு முன்னால், அந்தச் சாமியின் ஒரே ஒரு உறுப்பு சாமியைவிடப் பெரிதாக நின்றபோது, 'வீரம்' என்று சொல்லிவிட்டேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. சிரித்தவர் எங்கள் கூட்டத்திலேயே மூத்த அக்கா. நெற்றி நிறைய விபூதி. எப்போதும் அடக்க ஒடுக்கமாக மூலையில் இருப்பார். முதியோர் இல்லத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

"வீரமாம்! எடி பிள்ளை, முப்பது வருசம் இஞ்சத்தைக் கிழவன்மாரைக் கழுவினனான். உந்த வீரமெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார். எல்லோரும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். "நீ தள்ளு. உனக்குச் சொல்ல ஏலாட்டி நான் சொல்லுறன்."

சொன்னார். வழிகாட்டி ஜெர்மனில் சொல்லச் சொல்ல, அவர் ஜெர்மன் சொல்லை ஜெர்மனாகவே எடுத்து, மிச்சத்தை யாழ்ப்பாணத்துத் தமிழில் பச்சையாக ஊற்றி, இடையிடையே இல்லத்து அனுபவங்களையும் சேர்த்துச் சொன்னார். கூட்டினார், குறைத்தார், எந்த விதியையும் மதிக்கவில்லை. எட்டுப் பெண்களும் அவரைச் சுற்றி நெருங்கிக்கொண்டார்கள். கேள்வி கேட்டார்கள். உரல் அக்கா ஒரு ஜப்பானியப் படத்துக்கு முன்னால் நின்று, "உது முதுகுக்குக் கூடாதே?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். அதை வழிகாட்டிக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு ஒரு அதிர்ச்சியும் இல்லை. பிள்ளை பெற்றவர்கள், பிள்ளை இழந்தவர்கள், மற்றவர்களின் பிணியைக் கழுவிச் சம்பாதித்தவர்கள். அவர்களைப் பாதுகாக்கிறேன் என்று நான் மூடி மூடி வைத்தது என் வெட்கத்தைத்தான்.

கடைசி அறையில் ஒரே ஒரு கற்சிலை, கண்ணாடிப் பெட்டிக்குள். முழங்கால்களை அகலமாக மடித்துக் குந்தியிருக்கும் ஒரு பெண். பிள்ளை பெறும் இருப்பு. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தாமரைப் பூ. மற்றதெல்லாம் வெளிச்சத்தில், ஒளிவு மறைவில்லாமல்.

வழிகாட்டியின் குரல் தழுதழுத்தது. "இது உங்களிடமிருந்து வந்தது. தென்னிந்தியாவின் தேவி. உங்கள் வீடுகளில் இவளை எப்படி வணங்குவீர்கள்?"

ஒருவரும் இந்தச் சாமியைக் கண்டதில்லை. தீயணைப்புக் கருவியிலிருந்து தலைவரின் குரல் வந்தது. "சொல்லுங்கோ தங்கச்சி, இது இந்தியச் சாமி. எங்கடை ஆக்கள் உப்பிடி இருக்கமாட்டினம்."

எட்டுப் பேரும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு நகர்ந்தார்கள். அம்மா மட்டும் மடக்குக் கதிரையை விரித்துச் சிலைக்கு நேர் எதிரே போட்டார். காலையிலிருந்து ஒவ்வொரு அறையிலும் அப்படித்தான். மற்றவர்கள் நின்றார்கள், அம்மா உட்கார்ந்தார். நான் அதைக் கால் உளைவு என்று எனக்கு நானே மொழிபெயர்த்து வைத்திருந்தேன்.

"பிள்ளை, இஞ்சை வா" என்றார். போனேன். "வியாழக்கிழமை டொக்டர் கேப்பாவெல்லே."

"ஓம்."

அம்மா கையை நீட்டினார். சிலையின் மடித்த முழங்கால்களுக்கு நடுவே, சரியான இடத்துக்கு நேரே விரலைக் காட்டினார்.

"இதிலைதான். உள்ளை இருக்கிறது கீழை இறங்குது. கன நேரம் நிண்டால், நடந்தால் வெளியாலை வருது. கையாலை உள்ளுக்குத் தள்ளிவிடுறனான்."

விரல் கண்ணாடியில் முட்டியதும் எங்கேயோ மணி கிரீச்சிட்டது. காவலர் எட்டிப் பார்த்து, தொட வேண்டாம் என்றார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் என் வேலையைச் செய்தேன். "தொட வேண்டாமாம், அம்மா."

"நான் எங்கை அவளைத் தொட்டனான்? என்ரையைத்தான் சொல்லுறன்" என்றார் அம்மா.

"எவ்வளவு நாளாய்?"

"நாலு வருசம் இருக்கும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. அம்மாமேல் வந்தது, பிறகு என்மேல் வந்தது. நாலு வருடம். தேருக்கு வெயில், கலியாணத்துக்குச் சத்தம், கடைக்கு நான். ஒவ்வொன்றையும் அவர் சொன்னபடியே நம்பியிருந்தேன், கூட்டாமல், குறைக்காமல். வழிகாட்டி தூரத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயும் மகளும் தங்கள் தேவியோடு ஒன்றிவிட்டார்கள் என்று நினைத்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அவள்மேலும் ஆத்திரம் வந்தது. ஆனால் அந்தக் கல் பெண்ணை அவள்தானே அங்கே வைத்திருந்தாள்? என் தாய்க்கு இடத்தைக் காட்ட ஒரு உடம்பு தேவைப்பட்டிருக்கிறது. நான் கொடுக்காத சொல்லுக்கு ஈடாக ஒரு கல்.

வெளியே வரும்போது கருத்துத் தாள் கொடுத்தார்கள். உங்களை எது தொட்டது என்று கேட்டிருந்தது. தலைவர் எல்லோர் சார்பிலும் எழுதினார்: 'ஏற்பாடு சிறப்பு. பானைகள் இன்னும் சில வைக்கலாம்.' அதை நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை மருத்துவரிடம் போனோம். இளம் பெண், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவு. கணினியைப் பார்த்துக்கொண்டே, அம்மாவுக்கு என்ன தொந்தரவு என்று என்னிடம் கேட்டாள். நான் தயாராக வந்திருந்தேன். முதல் நாள் முழுக்க உட்கார்ந்து சொற்களைத் தேடி எழுதி வைத்திருந்தேன், ஜெர்மனிலும் தமிழிலும். கைப்பையில் அந்தத் தாள் இருந்தது. அம்மா பக்கத்தில் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கைகளைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

"அம்மாவுக்குப் பௌஹில்..." என்று வந்தது.

சத்தியமாக நான் சொல்ல நினைத்தது அதில்லை. அது தானாக வந்தது, பதினொரு வயதுக் குரலில்.

அம்மா என் முழங்கையைப் பிடித்தார். முப்பத்தைந்து வருடம் ஜெர்மன் வராத அம்மா, மருத்துவரை நேராகப் பார்த்து ஜெர்மனில் சொன்னார்: "நிஹ்ட் பௌஹ்." வயிறு இல்லை. பிறகு, மூத்த அக்காவிடம் தேநீர் குடிக்கும் இடத்தில் கேட்டுப் பழகியிருக்க வேண்டும், சரியான சொல்லைச் சொன்னார். கெபேர்முட்டர். கர்ப்பப்பைக்கு அதுதான் ஜெர்மன். உள்ளங்கையைக் கவிழ்த்து மேலிருந்து கீழே இறக்கிக் காட்டினார். மருத்துவர் கணினியிலிருந்து முகத்தை எடுத்து முதல் தடவையாக அம்மாவைப் பார்த்தாள்.

நான் தாளை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன்.

"நீ வெளியிலை போய் இரு, பிள்ளை" என்றார் அம்மா. "இது சின்னப் பிள்ளையள் நிண்டு கேக்கிற கதை இல்லை. அண்டைக்கும் உன்னை வெளியிலை விட்டிருக்க வேணும்."

எனக்கு நாற்பத்தாறு வயது. எழுந்து வெளியே போய், காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து, கதவு திறக்கும் வரை அழுதுகொண்டிருந்தேன்.